விடை தெரிந்தால் போதுமா?



நம் தமிழ் மாணவர் மன்றத்தின் பொது அறிவுப் போட்டி நெருங்கிக்கொண்டிருக்கிறது. மாலை வேளையில் விடுதியின் எந்த அறைப் பக்கம் சென்றாலும் கேள்வியும் விடையுமாகவே ஒலி கேட்கிறது. "உலகில் மிக உயர்ந்த சிகரம் எது?" என்கிறார் ஒருவர். "எவரெஸ்டு" என்கிறார் மற்றவர். உடனே அடுத்த கேள்வி, அடுத்த விடை. குறிப்பேடுகள் நிரம்புகின்றன. இந்த ஊக்கத்தைக் கண்டு மகிழாதவர் இருக்க முடியாது.

ஆயினும், இந்தப் போட்டியில் சென்ற ஆண்டு முதற்பரிசு பெற்றவன் என்ற உரிமையோடு உங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அன்று மாலை வெள்ளிக் கிண்ணம் வாங்கிய நான், அன்றிரவே ஒரு கேள்வியில் தோற்றேன். அந்தத் தோல்வி என் உயிரையும் என் அறைத் தோழனின் உயிரையும் கொண்டுபோயிருக்கும். அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், போட்டியில் வழக்கமாக இடம் பெறும் துறைகளிலிருந்து ஐந்து வினாக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் விடையை மட்டும் பாராமல், விடைக்குப் பின்னால் இருக்கும் 'ஏன்' என்பதையும் பார்ப்போம்.

வரலாறு: இமயத்தை அளக்கும் வேலை எங்கே தொடங்கியது?

"இமயமலை அடிவாரத்தில்" என்று சொல்லத் தோன்றும். "டேராடூன்" என்று சிலர் சொல்லக்கூடும். சரியான விடை சென்னைப் பரங்கிமலை.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அளக்கும் கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீளும்; குளிரில் குறுகும். அந்த வேறுபாட்டையும் வெப்பமானியால் அறிந்து கணக்கில் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 400 தடவை சங்கிலியைப் பிடித்து அளந்தார்கள்.

ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? இங்கேதான் பள்ளிக்கூடக் கணக்கு உயிர் பெறுகிறது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் இன்னொரு முக்கோணம். அதன் மேல் மற்றொன்று. நாடு முழுவதும் முக்கோணங்களாலான வலை ஒன்றை விரிக்கலாம். ஆனால் முதற்கோடு பிழைபட்டால் வலை முழுவதும் பிழைபடும். அதனால்தான் அந்த முதற்கோட்டுக்கு அத்தனை பொறுமை.

கோணம் அளக்க உயரமான இடம் வேண்டும். தஞ்சைச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்களை நாடினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. தம் கையாலேயே அதைச் சீர்செய்துகொண்டு மேலே நடந்தார். அவர் 1823இல் வார்தாவை அடுத்த இங்கன்காட்டில் இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்டு அந்த வேலையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார்.

நேபாளத்துக்குள் நுழைய அளவைக்காரருக்கு அனுமதி இல்லை. எனவே 100 மைலுக்கு மேற்பட்ட தொலைவில், சமவெளியில் நின்றே சிகரங்களின் கோணங்களை எடுத்தார்கள். '15ஆம் எண் சிகரம்' என்று பெயரிட்டிருந்த ஒன்று எல்லாவற்றிலும் உயர்ந்தது என்பது 1852இல் கணக்கில் வெளிப்பட்டது. அக்கணக்கைச் செய்தவர்களில் தலையாயவர் இராதாநாத் சிக்தார் என்ற வங்காளக் கணித வல்லுநர். 1856இல் 29,002 அடி என்று உயரத்தை அறிவித்தார்கள். 1865இல் சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் நிலைபெற்றது. எவரெஸ்டோ 1843ஆம் ஆண்டிலேயே ஓய்வு பெற்றுவிட்டவர்!

2020ஆம் ஆண்டில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பழைய 29,002 அடியை மீட்டராக்கினால் ஏறத்தாழ 8,840 வருகிறது. மலையின் மேல் கால் வைக்காமல், 100 மைலுக்கு அப்பால் நின்று அளந்தவர்கள் 9 மீட்டர்தான் பிழைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பரங்கிமலைக் கோட்டிற்கும் அதில் பங்கு உண்டு என்று எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறதன்றோ? இனி 'எவரெஸ்டு' என்ற ஒரு சொல் விடையாக வரும்போது, இந்தக் கதை முழுவதும் அதன் பின்னே வந்து நிற்கட்டும்.

புவியியல்: தில்லியில் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும் நாள் எது?

இது ஏமாற்றுக் கேள்வி. போட்டியில் பலர் "ஜூன் 21" என்று சொல்லி மதிப்பெண் இழப்பார்கள். அப்படிப்பட்ட நாளே இல்லை என்பதுதான் விடை.

சூரியன் தலைக்கு நேர்மேலே வரக்கூடிய வடக்கு எல்லை கடகக்கோடு. அது ஏறத்தாழ 23½ பாகையில் ஓடுகிறது. தில்லி இருப்பதோ 28½ பாகைக்குச் சற்று மேலே. சென்னையிலிருந்து புகைவண்டியில் வரும்போது, போபாலைத் தாண்டி விதிஷாவை அடைவதற்குள் நாம் அந்தக் கோட்டைக் கடந்துவிடுகிறோம். வண்டி குலுங்குவதில்லை, யாரும் மணி அடிப்பதில்லை. ஆனாலும் அந்த இடத்துக்கு வடக்கே, ஆண்டு முழுவதும் நண்பகல் நிழல் ஒரு நாளும் காலடியில் மறைவதில்லை.

சென்னையிலோ ஆண்டுக்கு இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும், சூரியன் உச்சந்தலைக்கு மேலே வருகிறது. அப்பொழுது கொடிக்கம்பத்தின் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். ஊரில் இருக்கும்போது நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறோம்?

இதனால் வரும் விளைவு என்ன? டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் தில்லியில் சூரியன் அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. சென்னையில் 53 பாகைக்கு மேல். கைவிளக்கின் ஒளியைச் சுவரில் நேராகப் பாய்ச்சுங்கள். வட்டம் சிறிதாக, ஒளி மிகுதியாக இருக்கும். சாய்வாகப் பாய்ச்சுங்கள், வட்டம் நீண்டு, ஒளி மங்கும். அதேபோல் ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள வெயில் சென்னையில் ஏறத்தாழ ஒன்றேகால் சதுர மீட்டர் தரையில் விழுகிறது, தில்லியில் 1.6 சதுர மீட்டரில் பரவிவிடுகிறது. பகற்பொழுதும் குறைவு. அன்று சென்னையில் பகல் 11 மணி 20 நிமிட அளவு என்றால், தில்லியில் அதைவிட ஒரு மணி நேரம் குறைவு. அருகில் கடலும் இல்லை. கடல், பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்லக் கொடுக்கும் நல்ல அயலார். தரைக்கு அந்தக் குணம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் கைவிட்டுவிடும்.

ஆகவே நம் எலும்பைக் குடையும் குளிர் எங்கிருந்தோ வந்த பகைவன் அன்று. சாய்ந்த வெயிலின் பிள்ளை. இதை அறிந்தவர், விடுதியில் அறை தேர்ந்தெடுக்கும்போது தெற்கு நோக்கிய சன்னல் உள்ள அறையைக் கேட்பார். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் அந்தச் சன்னலில்தான் வெயில் ஆழமாக உள்ளே வரும். நான் வடக்கு நோக்கிய அறையைக் கேட்டு வாங்கினேன். பூங்கா தெரிகிறது என்பதற்காக! அதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

தோட்டக்கலை: கறிவேப்பிலைக்கு எந்த அறிஞரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது?

விடுதி மாடியில் நம்மவர் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ரசத்துக்கு நான்கு இலை கிள்ளிப் போடாவிட்டால் நமக்குச் சோறு இறங்காது. அந்தச் செடியின் அறிவியற்பெயரில் 'கோனிகை' என்றொரு சொல் உண்டு. யோகான் கெரார்டு கோனிக் என்பவரின் பெயர் அது. தாவரங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர் அவர். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தவர். தாளிக்கும்போது சடசடவென்று பொரிகிறதே, அந்த இலைக்குள் தரங்கம்பாடி மருத்துவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்!

இது பெயர். இனி 'ஏன்' என்பதற்கு வருவோம். கறிவேப்பிலை, எலுமிச்சையும் நாரத்தையும் வில்வமும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. எலுமிச்சைச் செடியைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு இதையும் தேடி வருவது அதனால்தான். இளம் புழு பறவையின் எச்சம் போலத் தோற்றமளித்து நம்மை ஏமாற்றும். வளர்ந்தபின் பச்சை நிறம் கொள்ளும். சில புழுக்களே என்றால் கையால் எடுத்து அப்புறப்படுத்தலாம். தின்னப்போகும் இலையில் மருந்து அடிக்க வேண்டியதில்லை.

டிசம்பர் வந்ததும் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். நம் நண்பர்கள் பதறிப்போய்க் காலையும் மாலையும் நீரூற்றுவார்கள். ஜனவரி முடிவதற்குள் செடி செத்துவிடும். குளிர் கொன்றது என்பார்கள். பெரும்பாலும் கொன்றது நீர்தான். வெப்பநாட்டுச் செடியாகிய கறிவேப்பிலை கடுங்குளிரில் வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. உறங்கும் வேர் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. உறிஞ்சாத நீர் மண்ணின் துளைகளில் தங்கி, அங்கே இருந்த காற்றை வெளியேற்றிவிடும். வேருக்கும் மூச்சு உண்டு. காற்றில்லாமல் அது அழுகும்.

செய்ய வேண்டியது எளிது. தொட்டியைத் தெற்கு வெயிலில் வையுங்கள். மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் சிறிது நீர் விடுங்கள். குளிர் முடியும்வரை உரம் வேண்டாம். கடுங்குளிர் இரவுகளில் சாக்கால் மூடுங்கள். பிப்ரவரி முடிவில் நுனிகளை வெட்டிவிடுங்கள். மார்ச்சில் வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத் தளிர்கள் கிளைத்து வரும். மொட்டைக் குச்சியாக நிற்கிறதே என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறினால் பச்சை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

திரைப்படம்: தமிழின் முதற் பேசும்படம் எது?

"காளிதாஸ்" என்று இருபது கைகள் உயரும். வெளியான நாள் 1931 அக்டோபர் 31. இயக்கியவர் எச். எம். ரெட்டி. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. எடுக்கப்பட்ட இடம் பம்பாய். அதே ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் இந்தியாவின் முதற் பேசும்படமாகிய 'ஆலம் ஆரா'வை வெளியிட்ட அர்தேஷிர் இரானியின் நிறுவனமே இதையும் எடுத்தது. ஒரே படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. மொழி எதுவாயினும் திரை பேசுகிறதே என்ற வியப்புக்காகவே மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள்.

இவ்வளவும் சொல்லிவிடலாம். "சரி, அந்தப் படத்தை எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால்? எங்கும் பார்க்க முடியாது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி கிடைக்கவில்லை. 'ஆலம் ஆரா'வும் அப்படியே. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசகவதம்' என்ற ஊமைப்படமும் மறைந்துவிட்டது. முதல், முதல் என்று நாம் மனப்பாடம் செய்யும் பெயர்களில் பல, உடல் இல்லாத பெயர்கள்.

பழைய படங்கள் ஏன் இப்படி அழிந்தன? பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமை ஒரு காரணம். ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றது மற்றொரு காரணம். எல்லாவற்றினும் பெரிய காரணம் படச்சுருளின் பொருளே. 1950களின் தொடக்கம் வரை உலகெங்கும் பயன்பட்ட சுருள் நைட்ரேட்டுச் சுருள். வெடிபஞ்சும் அதுவும் உடன்பிறப்புக்கள். நாள்பட்டால் தானே சிதையும். சூடு ஏறினால் பற்றிக்கொள்ளும். பற்றினால் அணைப்பது அரிது.

ஏன் அரிது? இந்த 'ஏன்' மிக முக்கியம், கவனியுங்கள். எந்தத் தீக்கும் மூன்று வேண்டும்: எரிபொருள், வெப்பம், உயிர்வளி. விறகின் மேல் மண்ணை அள்ளிப் போட்டால் அணைகிறது. காற்றிலிருந்து உயிர்வளி கிடைக்காமற் போவதே அதற்குக் காரணம். நைட்ரேட்டுச் சுருளோ தனக்கு வேண்டிய உயிர்வளியைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. மூடினாலும் எரியும், நீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். பழைய கொட்டகைகளில் படம் காட்டும் அறைக்கு இரும்புக் கதவும், சின்னஞ்சிறு துளைகளும் வைத்துக் கட்டியது இதற்காகவே. 2003ஆம் ஆண்டில்கூடப் புனேயில் இத்தகைய பழைய சுருள்கள் தீக்கிரையாயின.

படச்சுருள் தன் உயிர்வளியைத் தானே கொண்டுவருகிறது. அப்படியானால் கரி? அது யாருடைய உயிர்வளியை எடுத்துக்கொள்ளும்? இந்தக் கேள்வியைச் சென்ற ஆண்டு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

பாதுகாப்பு: நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தொழிலாளர் கொண்டு சென்ற பறவை எது?

இதுதான் சென்ற ஆண்டுப் போட்டியில் எனக்கு வந்த கடைசி வினா. கேள்வி முடியுமுன்னே "கானரி" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிண்ணம் என் கைக்கு வந்தது.

அது ஜனவரி மாதத்து இரவு. பனிமூட்டம் மரங்களை மறைத்திருந்தது. அறைக்குத் திரும்பியபோது என் அறைத் தோழன், முதலாண்டு மாணவன், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, இரண்டு கம்பளிக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்தான். "அண்ணே, கை கால் மரத்துப்போச்சு" என்றான். மின்கணப்பு வைத்துக்கொள்ள விடுதி விதி இடங்கொடுக்காது. சமையற்கட்டின் பின்புறம் தணல் நிறைந்த அங்கீட்டி ஒன்று இருப்பதைக் கண்டேன். நம் ஊர்க் குமுட்டி அடுப்புப் போன்றதுதான். சிவக்கச் சிவக்கக் கரி கனன்றுகொண்டிருந்தது; புகை சிறிதும் இல்லை. புகை இல்லையே, பிறகென்ன என்று எண்ணித் தூக்கி வந்தேன். கதவைத் தாழிட்டேன். சன்னல் இடுக்கில் குளிர் வராதபடி செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தேன். கிண்ணத்தை மேசைமேல் வைத்து அழகு பார்த்துவிட்டுப் படுத்தேன். "இப்பதான் சுகமா இருக்குண்ணே" என்றான் தம்பி.

எவ்வளவு நேரம் கழித்து விழித்தேன் என்று தெரியாது. நெற்றியை யாரோ கயிற்றால் இறுக்குவது போன்ற வலி. போட்டிக்காகக் கண்விழித்துப் படித்த களைப்பு என்று எண்ணி மீண்டும் கண்ணை மூடினேன். தம்பி குமட்டலோடு எழுந்திருக்க முயல்வது கேட்டது. கேட்டதே தவிர, என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. வெளியே தடியால் கதவைத் தட்டும் ஓசை. இரவுக் காவலர் பெரியவர், கதவுக்கு மேலிருந்த கண்ணாடியில் செந்நிற ஒளியைக் கண்டு நின்றிருக்கிறார். "கதவைத் திற, பேட்டா! கதவைத் திற!" என்று அவர் இந்தியில் கூவுகிறார். எழ வேண்டும் என்று மனம் சொல்கிறது; கால் கேட்கவில்லை. தம்பிதான் தரையில் தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை எட்டித் தள்ளினான். அந்த முயற்சியோடு அவன் அங்கேயே சாய்ந்துவிட்டான்.

பெரியவர் எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் அங்கீட்டியை வெளியே தள்ளினார். மருத்துவமனையில் விடியும்வரை முகமூடி வழியாக உயிர்வளி கொடுத்தார்கள்.

எங்களைத் தாக்கியது கார்பன் மோனாக்சைடு. கரி எரியப் போதிய உயிர்வளி கிடைத்தால் கரியமில வாயு உண்டாகும். மூடிய அறையில் உயிர்வளி குறையக் குறைய, எரிதல் அரைகுறையாகி இந்த நஞ்சு பெருகும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணைக் கரிப்பதும் இல்லை. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு, இது உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுகச் சேர்ந்துகொள்ளும். ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் மூச்சின்றித் தவிக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல், கால் தளர்ச்சி ஆகியவை அறிகுறிகள். உறங்குபவர் அவற்றை அறியாமலே போய்விடுவார். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். தூய உயிர்வளி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும்.

சுரங்கத்தில் கானரிப் பறவையைக் கொண்டுபோனது இதே வாயுவுக்காகத்தான். சிறிய பறவை, மூச்சு வேகம் மிகுதி. மனிதரைத் தாக்குமுன் அதைத் தாக்கும். அது கிளையிலிருந்து சாய்ந்தால் தொழிலாளர் வெளியேறுவர். ஜே. எஸ். ஹால்டேன் என்ற அறிஞர் 1890களில் இந்த முறையைப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் 1986 வரை இது வழக்கில் இருந்தது. பிறகு கருவிகள் வந்தன. பறவையின் பெயரை நான் அறிந்திருந்தேன். அது ஏன் கீழே போயிற்று என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. அதனால் அன்றிரவு பறவையாக நானே கிடந்தேன்.

மறுநாள் நன்றி சொல்லச் சென்றபோது காவலர் பெரியவர் சொன்னது இது: "எங்கள் கிராமத்தில் குழந்தைக்கும் தெரியும், பேட்டா. அங்கீட்டி எரிந்தால் கதவு திறந்திருக்கவேண்டும். கதவு மூடினால் அங்கீட்டி வெளியே போகவேண்டும்." பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதிக்காதவர் அவர். பொது அறிவுக் கிண்ணம் யாருக்குப் போயிருக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை இவை. எரியும் கரியை உறங்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்றும் நம்பாதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவியை இயக்காதீர்கள். மின்னாக்கி எந்திரத்தை அறைக்குள்ளும் மூடிய தாழ்வாரத்திலும் ஓட்டாதீர்கள். ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் உணவின் மேல் பழிபோடுமுன் வெளியே வாருங்கள். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால் முதலில் கதவு சன்னல்களைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 112 என்ற எண்ணை அழையுங்கள். உள்ளே நெடுநேரம் நின்றால் உதவச் சென்றவரும் விழுவார். தேறிவிட்டது போல் தோன்றினாலும் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, ஐந்து வினாக்களையும் திரும்பிப் பாருங்கள். 'என்ன' என்ற கேள்விக்கு ஒரு பெயர் விடையாக வருகிறது. அது குறிப்பேட்டில் தங்குகிறது. 'ஏன்' என்ற கேள்விக்கு ஓர் உறவு விடையாக வருகிறது. அது வாழ்க்கையில் தங்குகிறது. சாய்ந்த வெயில், வேரின் மூச்சு, சுருளின் தீ, கரியின் நஞ்சு என்று நான் தனித்தனியாக மனப்பாடம் செய்தவை எல்லாம் ஒரே கயிற்றின் புரிகள். அந்தக் கயிற்றை அன்று நான் பிடித்திருந்தால், தெற்கு அறையைக் கேட்டிருப்பேன். தணலை வெளியே விட்டிருப்பேன்.

ஆகவே இந்த ஆண்டுப் போட்டியில் ஒரு மாற்றம் செய்யுமாறு மன்றச் செயலாளரிடம் வேண்டியிருக்கிறேன். சரியான விடைக்குப் பாதி மதிப்பெண்; 'ஏன்' என்பதை இரண்டு வாக்கியங்களில் சொன்னால் மீதிப் பாதி. எனக்கு இந்த முறையில் கிண்ணம் கிடைக்காமற் போகலாம். கவலையில்லை. தம்பி இந்த ஆண்டு கலந்துகொள்கிறான். "அண்ணே, உங்களைத் தோற்கடிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லியிருக்கிறான். அவன் வெல்லட்டும்.

பயிற்சிக்குச் சில வினாக்கள் தருகிறேன். விடைகளுக்கு வழி இக்கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

1. பரங்கிமலைக் கோட்டை அளந்தவர்கள் அருகில் வெப்பமானியை வைத்துக்கொண்டது ஏன்?

2. குளிர்காலத்தில் தில்லியில் தெற்கு நோக்கிய அறை நல்லது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எந்தத் திசை நோக்கிய அறை நல்லது?

3. ஜனவரி மாதம். கறிவேப்பிலைத் தொட்டியில் இலை உதிர்கிறது; மண் ஈரமாக இருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

4. நைட்ரேட்டுப் படச்சுருள் பற்றி எரிகிறது. மணலைக் கொட்டி மூடினால் அணையுமா?

5. "புகை இல்லாத தணலால் ஆபத்து இல்லை." இவ்வாக்கியத்தில் பிழை எங்கே இருக்கிறது?

ஐந்தாம் வினாவுக்கு மட்டும் இன்றிரவே விடை எழுதிப் பாருங்கள். ஜனவரி வருகிறது.